மாமா கொண்டுவந்த சிங்களப் புத்தகம்

எனக்கு எழுத்து தெரியாத வயதில், ஒரு கிறிஸ்மஸ் அன்று என் மாமா எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். அதுவரை எங்கள் வீட்டில் இருந்த ஒரே புத்தகம் அம்மாவின் செபப் புத்தகம்தான். அம்மா அதை வாசிப்பதில்லை. செபங்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வாய் சொல்லச் சொல்லக் கை தானாகப் பக்கத்தைத் திருப்பும். சில நாள் புத்தகம் தலைகீழாகவும் இருக்கும்.

அக்காள்மடத்தில், ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில், தென்னந்தோப்பு ஓரத்தில் எங்கள் ஓலை வீடு. அய்யாவுக்குக் கடல் தொழில். மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் போய்வந்துகொண்டிருந்த கப்பலில் சமையல்கட்டு வேலை பார்த்தார். கல்யாணம் ஆகவில்லை. லீவு கிடைத்தால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். சட்டையில் வெங்காய வாசமும் கரிப்புகை வாசமும் கலந்து அடிக்கும். அக்கரையிலிருந்து ஏதாவது கொண்டுவருவார். வாசனைச் சோப்பு, தகர டப்பாவில் பிஸ்கோத்து, ஒருமுறை கண்ணை மூடித் திறக்கிற பொம்மை. அந்தப் பொம்மையைக் கடலில் குளிப்பாட்டப் போனேன், அலை கொண்டுபோய்விட்டது.

அந்த வருஷம் வாடைக்காற்று தொடங்கிய சமயம். சாப்பிட உட்கார்ந்த மாமா சோற்றில் கை வைக்காமல் ஒரு விஷயம் சொன்னார்.

"நேத்து கப்பல் ஆடுன ஆட்டம் இருக்கே அக்கா, ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் வாந்தி. அண்டாவே உருளுது. ஒரே ஒரு பிள்ளை, நம்ம பாப்பா வயசுதான் இருக்கும், மூலையில உக்காந்து தலையே தூக்கல. என்னடான்னு பாத்தா மடியில ஒரு புஸ்தகம்."

"படிச்சுச்சா?" என்றாள் அம்மா.

"படிச்சுச்சோ படம் பாத்துச்சோ. ஆனா அது கப்பல்லயே இல்லக்கா. வேற எங்கனயோ இருந்துச்சு."

பிறகு என்னைப் பார்த்தார். "இந்தக் கிறிஸ்மஸுக்கு என் மருமகளுக்குப் புஸ்தகம்தான்."

அய்யா சிரித்தார். "ஏலே மாப்பிள்ளை, அவளுக்கு ஆனா ஆவன்னாவே தெரியாதுலே."

"அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரிஞ்சிருக்குமாக்கும்?" என்று மாமா சோற்றைப் பிசைந்தார்.

தலைமன்னாரில் மாமாவுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். கொழும்பு ரயிலில் பயணிகளுக்குப் படுக்கை விரித்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. சிங்களவர். ரயில் வந்து நிற்பதற்கும் கப்பல் புறப்படுவதற்கும் இடையில் இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்களாம். அவர் மாமாவை 'மல்லி' என்றுதான் கூப்பிடுவாராம். சிங்களத்தில் அதற்குத் தம்பி என்று அர்த்தம் என்று மாமா சொன்னதும் அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த கொத்தமல்லியைக் காட்டி அடக்கமாட்டாமல் சிரித்தாள். அந்த மனிதரிடம் மாமா காசு கொடுத்து, கொழும்பில் ஒரு நல்ல படப் புத்தகம், சின்னப் பெண்பிள்ளைக்கு, வாங்கிவரச் சொல்லியிருந்தார்.

கிறிஸ்மஸ் அன்று விடியற்காலைப் பூசை முடிந்து, புதுப் பாவாடையோடு தோப்பில் சுற்றிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய பிறகு பாம்பன் பக்கமிருந்து மாமா நடந்து வருவது தெரிந்தது. கையில் சிவப்பு நாடா கட்டிய ஒரு பொட்டலம். சுங்கக்காரர்கள் அதன் ஒரு மூலையைக் கிழித்துப் பார்த்துவிட்டு விட்டிருந்தார்கள். கட்டிய அழகு கெட்டுப்போகும் என்று மாமாவும் பிரிக்கவில்லை. என் மடியில் வைத்து, "நீயே பிரி" என்றார்.

நான் நாடாவை அவிழ்த்தேன். அட்டையில் ஒரு பெண்பிள்ளை மஞ்சள் குடை பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். அந்த மஞ்சளை அதற்கு முன் நான் எதிலும் கண்டதில்லை. அம்மா, "என்னா அழகு" என்று குனிந்தாள். மாமா மட்டும் படத்துக்கு மேலே இருந்த எழுத்தையே உற்றுப் பார்த்தார். அவருக்குப் படிப்பு கிடையாது, ஆனாலும் பல பாஷையில் எழுதிய தலைமன்னார் ஸ்டேஷன் பலகையைத் தினமும் பார்க்கிறவர்.

"ஐயய்யோ, இது சிங்கள எழுத்து" என்றார்.

முகம் சுண்டிப்போய்விட்டது. "பாவி மனுசன், அவன் மகளுக்கு வாங்குற மாதிரி வாங்கிட்டான். நானும் இன்ன பாஷைன்னு சொல்லல. கொண்டா பாப்பா, மாத்திட்டு வாரேன்."

நான் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மாமா கை நீட்டினார். நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து அய்யாவின் காலில் முட்டி நின்றேன்.

"விடு மாப்பிள்ளை" என்றார் அய்யா. "அவளுக்கு எந்த எழுத்துதான் தெரியும்? இருந்துட்டுப் போகட்டும்."

இப்படித்தான் அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் தங்கியது.

முதல் படத்தில் ஒரு வீட்டு வாசல். ஒரு பெண் கையசைக்கிறாள். குடை பிடித்த பிள்ளை படி இறங்குகிறாள். அடுத்ததில் மாட்டு வண்டி. அப்புறம் ஒரு முயல். பிறகு ஆற்றில் படுத்துக் குளிக்கிற யானை. அதற்கடுத்து மரங்களுக்குப் பின்னால் வெள்ளையாக, உருண்டையாக, வானத்தை முட்டுகிற ஏதோ ஒன்று. கடைசியில் இன்னொரு வீட்டு வாசலில் இன்னொரு பெண், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். படங்களுக்குக் கீழே எழுத்துகள். எல்லாம் சுருண்டு வளைந்து, கரையில் பொறுக்குகிற சின்னச் சின்ன நத்தைக்கூடுகளைப் போல இருக்கும்.

அம்மா சொன்ன கதையில் அந்தப் பிள்ளை அத்தை வீட்டுக்குப் போகிறாள். முதல் வீட்டில் கையசைப்பவள் தாய், கடைசி வீட்டில் கை விரித்து நிற்பவள் அத்தை. அத்தை வீட்டில் கறிச்சோறு. மாமாவின் கதையில் யானைதான் பெரிய ஆள். "அந்த யானைய நான் பாத்திருக்கேன்" என்று சத்தியம் செய்வார். கப்பல் அணைகிற தலைமன்னார் பாலத்தைத் தாண்டி அவர் ஒருநாளும் போனதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் யானையைப் பார்த்திருக்கிறார் என்று நம்பினோம்.

அய்யாவின் கதைதான் எனக்குப் பிடித்தது. கடலுக்குப் போய் வந்து, கஞ்சி குடித்துவிட்டு, தோப்பு நிழலில் வலைக் குவியல் மேல் சாய்ந்திருப்பார். நான் புத்தகத்தோடு பக்கத்தில் போய்ப் படுப்பேன். வலையில் உப்பும் செதிலும் காய்ந்திருக்கும். உடம்பில் குத்தும், ஆனால் எழுந்திருக்கத் தோன்றாது.

"இந்தப் பிள்ளையோட அய்யா கடலுக்குப் போனவரு வரல தாயி. காத்து வள்ளத்தை அக்கரைக்குக் கொண்டு போயிருச்சு. அதான் இவ தேடிப் போறா. வண்டிக்காரன்ட்ட கேக்குறா. அவன் பாக்கலங்குறான். முயல்ட்ட கேக்குறா. அதுக்கு வாய் பேச வராது. யானைட்ட கேக்குறா..."

"யானை என்ன சொல்லுச்சு?"

"யானைக்குத் தெரியும். ஆனா அது குளிச்சு முடிச்சிட்டுத்தான் சொல்லும்."

அந்த வெள்ளை உருண்டையை அய்யா மணல்மேடு என்றார். அதன் மேல் ஏறி நின்றால் கடல் முழுவதும் தெரியுமாம். அம்மாவுக்கு மட்டும் அது வேறு மதத்துக் கோயிலாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். உபதேசியாரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். எங்கள் கோயிலில் செபம் சொல்லிக்கொடுத்து, பக்கத்துக் கொட்டகையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தியவர் அவர். முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார், மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். பிறகு, "ஒண்ணும் தப்பில்ல. ரெண்டு நாள் இங்கன இருக்கட்டுமா? மெதுவாப் பாத்துட்டுத் தாரேன்" என்றார். நான் அழுததால் அன்றே திரும்பக் கிடைத்தது.

அய்யா கதையை ஒருநாளும் முடித்ததில்லை. யானை குளித்து முடிப்பதற்குள் அவருக்குக் கண் சொக்கிவிடும். எனக்கும்தான். தென்னை ஓலையின் சத்தமும் அலையின் சத்தமும் ஒன்றாகிவிடுகிற நேரம் அது. கண்ணுக்குள் மஞ்சள் குடை வரும். தனுஷ்கோடிக்கு அப்பால் கடலுக்குள் மணல்திட்டுகள் வரிசையாக இருக்கின்றன என்று அய்யா சொல்லிக் கேட்டிருந்தேன். அந்தப் பிள்ளை அந்தத் திட்டுகள் மேல் ஒவ்வொன்றாகக் கால் வைத்து நடந்துபோவாள். யானை கூடவே தண்ணீரில் நடக்கும். தண்ணீர் அதன் முழங்காலைத் தாண்டாது. மழை பெய்யும், ஆனால் நனையாது. நான் எந்தக் கரையில் நின்று பார்க்கிறேன் என்று தெரியாது. சில சமயம் குடை என் கையில்தான் இருக்கும். விழித்துப் பார்த்தால் வெயில் நகர்ந்து காலில் சுட்டுக்கொண்டிருக்கும். புத்தகம் அய்யாவின் மார்பில் கவிழ்ந்து அவர் மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அது கனவில் கண்டதா, நினைவில் உள்ளதா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஈர மணலில் விரலால் அந்த எழுத்துகளை வரைவேன். சுழி போட்டு, அதற்குள் இன்னொரு சுழி போட்டு. அலை வந்து அழித்துவிட்டுப் போகும். அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மழை போய், வெயில் காலமும் போய், என்னை உபதேசியாரின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். மணலைப் பரப்பி விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தார். எழுத்து சீக்கிரம் வந்தது. பாம்பன் ஸ்டேஷன் பலகையைக் கூட்டிக் கூட்டிப் படித்து 'பாம்பன்' என்று கத்தினேன். அய்யா வழியில் போனவர்களையெல்லாம் நிறுத்தி அதைச் சொன்னார்.

ஆனால் தமிழ் எழுத்து தெரிந்ததும் என் புத்தகத்துக்கு ஏதோ ஆகிவிட்டது. அதுவரை அதில் எனக்குத் தெரியாதது என்று எதுவும் இருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் எனக்குத் தெரியாத ஒன்று எழுதியிருந்தது. ஒருநாள் வலைமேல் படுத்துக்கொண்டு அய்யா ஆரம்பித்தபோது கேட்டேன்.

"அதுல அப்பிடியா போட்டிருக்கு?"

அய்யா என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். "எனக்கு எப்பிடித் தாயி தெரியும்?" என்றார்.

அவர் கோபப்படவில்லை. ஆனால் அன்றைக்குக் கதை தொடரவில்லை. மறுநாள் புத்தகத்தைக் கொண்டுபோனபோதும், "நீயே பாரு, எனக்கு ஒறக்கம் வருது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். பக்கத்திலேயே படுத்திருந்தேன். அவர் தூங்கவில்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கிறிஸ்மஸ் நெருங்கியது. மாமா ஒரு செய்தியோடு வந்தார். அந்தச் சிநேகிதரும் அவர் மனைவியும் புத்த கயாவுக்கு யாத்திரை போகிறார்களாம். கப்பலில் தனுஷ்கோடிக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ், பிறகு வடக்கே.

"பாப்பாவப் பாக்கணும்னு சொல்றாரு மச்சான். புஸ்தகத்தையும் கொண்டுவரச் சொன்னாரு. போன வருசம் நடந்தத அவருட்டச் சொன்னேன்ல, அன்னையிலேருந்து அவருக்கு மனசே சரியில்ல."

அவர்கள் வருகிற நாளில் அய்யா கடலுக்குப் போகவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். நானும் அவரும் பாம்பன்வரை நடந்து, தனுஷ்கோடி ரயில் ஏறினோம். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் கொந்தளித்துக் கிடந்தது, இன்னொரு பக்கம் துணி விரித்தமாதிரி கிடந்தது. தண்டவாளத்துக்குக் குறுக்கே மணல் புகைபோல ஓடியது. புத்தகத்தை அம்மா ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்திருந்தாள். வழியெல்லாம் அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

தனுஷ்கோடியில் கப்பல் அணைகிற பாலத்தில் கப்பலும் ரயிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மாமா அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். குட்டையான மனிதர், வெள்ளைச் சட்டை, முன்வழுக்கை. அவர் மனைவியும் முழுக்க வெள்ளையில் இருந்தார். அந்த மனிதர் என் முன் குனிந்து உட்கார்ந்து, "துவ" என்றார்.

மாமா, "மகள்னு சொல்றாரு" என்றார்.

"நான் பிழை செய்தேன்" என்றார் அவர். அவருடைய தமிழ் தட்டித் தடவி வந்தது. "எனக்கு ஒரு மகள். அவளுக்கு இது நல்ல விருப்பம். அதனாலே இது வாங்கினேன். தமிழ் யோசிக்க இல்ல."

நான் துண்டை அவிழ்த்துக் கொடுத்தேன். ஓரங்கள் மடங்கி, நூல் தளர்ந்து, ஒரு வருஷத்தில் அது பழைய புத்தகமாகியிருந்தது. யானைப் பக்கத்தில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை விரலால் தொட்டு மனைவிக்குக் காட்டினார். அந்த அம்மா சிரித்துவிட்டு என் கன்னத்தில் கை வைத்தார்.

"வாசிங்க" என்றேன்.

ரயில் புறப்பட நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் அவர்களுடைய படுக்கைச் சுருட்டின் மேல் உட்கார்ந்து அவர் வாசிக்கத் தொடங்கினார். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த எழுத்துகளுக்குச் சத்தம் இருந்தது. நத்தைக்கூட்டைக் காதில் வைத்ததுபோல உள்ளேயிருந்து வந்தது. வண்டிப் பக்கத்தில் அவர் குரல் குலுங்கியது, முயல் பக்கத்தில் ரகசியமானது. யானை வந்ததும் அவர் மனைவியும் சேர்ந்து சொன்னார். அது பாட்டுப்போல இருந்தது. சுமைதூக்குகிற ஆள்கள் இரண்டு மூன்று பேர் நின்று கேட்டார்கள். அய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பூசையில் நிற்பதுபோல நின்றார்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் கேட்டேன். "அந்தப் பிள்ளை எங்க போறா?"

அவர் யோசித்துச் சொற்களைத் தேடினார். "போறது இல்ல. வாறது. அத்தை வீட்டிலே நின்றது. இப்ப வீட்டுக்கு வாறது." முதல் படத்தில் கையசைக்கிற பெண்ணைத் தொட்டு, "இது அத்தை" என்றார். கடைசிப் படத்தில் கை விரித்து நிற்கிறவளைத் தொட்டு, "இது அம்மா" என்றார்.

அய்யா வாய்விட்டுச் சிரித்தார். "ஆத்தாடி, அம்புட்டுப் பேரும் அவளைத் தலைகீழா நடக்க வச்சிருக்கோம்!"

நான் அந்த வெள்ளை உருண்டையைக் காட்டினேன். அது அவள் ஊர்க் கோயில் என்றார். அதைப் பார்த்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தமாம்.

அப்போது அவர் மனைவி ஏதோ கேட்டார். அவர் அய்யாவிடம் திரும்பினார். "மல்லி சொன்னது, நீங்க ஒரு கதை சொல்றது. வீட்டுக்காரிக்கு அது கேக்க ஆசை."

அய்யா வெட்கப்பட்டார். "அது சும்மா, பிள்ளைய ஒறங்க வைக்கச் சொல்றது..." என்று இழுத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். நான், "சொல்லுங்கய்யா" என்றேன். நிஜமாகவே கேட்க ஆசையாக இருந்தது.

அய்யா உட்கார்ந்தார். புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்தார். காற்று அக்கரைக்குக் கொண்டுபோன வள்ளத்திலிருந்து தொடங்கினார். அவர் ஒவ்வொரு பக்கமாகச் சொல்ல, அந்த மனிதர் மனைவிக்குச் சிங்களத்தில் சொன்னார். முயலுக்கு வாய் பேச வராது என்ற இடத்தில் அந்த அம்மா சிரித்தார். யானை குளித்து முடித்துவிட்டுத்தான் சொல்லும் என்ற இடத்தில் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, "பிறகு?" என்பதுபோல அய்யாவின் முகத்தையே பார்த்தார்.

அய்யா அதற்கு மேல் ஒருநாளும் போனதில்லை. கொஞ்சம் தடுமாறினார். கப்பலைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

"யானை சொல்லுச்சு: ஒங்கய்யா மணல்மேட்டுக்கு அந்தப் பக்கந்தான் இருக்காரு. அங்கன ஒரு வீட்டுல அவருக்குச் சோறு போட்டு வச்சிருக்காக. வள்ளத்துக்குப் பாய் தச்சுக் கொடுத்திருக்காக. காத்துத் திரும்புனதும் வந்துருவாரு." கடைசிப் படத்தைக் காட்டினார். "இந்தா நிக்குதுல்ல, இந்த அம்மாதான் சோறு போட்டது."

அதை அந்த மனிதர் மொழிபெயர்த்ததும் அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அய்யா பதறிப்போய், "ஏன், தப்பாச் சொல்லிட்டனா?" என்று மாமாவைக் கேட்டார். மாமா இல்லை என்று தலையாட்டினார்.

மணி அடித்தது. அந்தச் சிநேகிதர் பையிலிருந்து இன்னொரு பொட்டலம் எடுத்து என்னிடம் கொடுத்தார். "இது தமிழ். கடையிலே கேட்டுக் கேட்டு வாங்கினது" என்றார். ரயில் நகர்ந்தபோது இருவரும் ஜன்னலில் கையசைத்தார்கள். திரும்பி வரும்போது அவர்களைப் பார்க்க முடியவில்லை. மாமாவுக்கு லீவாக இருந்த ஒரு நாளில் கப்பல் ஏறிப் போய்விட்டார்களாம். அப்புறம் அவரை வேறு ரயிலுக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்தத் தமிழ்ப் புத்தகத்தை நான் அன்றே பிரித்துவிட்டேன். குரங்கும் குருவியும் வருகிற கதை. எழுத்துக் கூட்டி அய்யாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் அவர் "ம்" கொட்டினார். அன்றிலிருந்து படிப்பு என்னை விடவில்லை. பின்னாளில் நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததற்கும் அதுதான் தொடக்கம்.

ஆனால் அன்று சாயந்தரம் பாம்பனிலிருந்து வீட்டுக்கு நடந்தபோது நாங்கள் பேசியது குரங்கைப் பற்றியும் இல்லை, குருவியைப் பற்றியும் இல்லை. காற்று எதிர்த்து அடித்தது. அய்யா இரண்டு புத்தகத்தையும் துண்டில் சுற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"ஏந்தாயி, அத்தை வீட்டுலேருந்து வாராள்ல, அங்கன என்ன பாத்திருப்பா? அம்மாட்டப் போயி என்னத்தச் சொல்லுவா?"

"நீங்க சொல்லுங்க" என்றேன்.

"இல்ல, இந்தவாட்டி நீ சொல்லு" என்றார். நான் சொல்லத் தொடங்கினேன்.